மாடியில் விளக்கு எரிகிறதா?

"ராத்திரியில அங்க போய் என்னத்தப் பாக்கப் போற? கடையெல்லாம் அடைச்சிருப்பாங்க."

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நின்று அம்மா கேட்ட கேள்வி இது. அரையாண்டு விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து என் தோழி வந்திருந்தாள். கட்டடக்கலை படிப்பவள். பகலில் ஜார்ஜ்டவுனைப் பலமுறை பார்த்துவிட்டாள். இந்த முறை இரவில், அதுவும் நடந்தே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பகல் வெயிலும் சுற்றுலாக் கூட்டமும் கட்டடங்களை மறைத்துவிடுகின்றன என்பது அவள் வாதம். இரண்டு பெண் பிள்ளைகள் இரவில் தனியாக நடப்பதா என்பது அம்மாவின் வாதம். அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் அம்மா அடுப்பை அணைத்தார். "சரி, நானும் வரேன்" என்றார்.

காவலுக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல். மழை வரும் அறிகுறியே இல்லை.

படகுத்துறையில் ஆளுக்கு இரண்டு ரிங்கிட் கட்டணம். கார்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக அசைந்து போகும் அந்தப் பழைய ஃபெரிகள் ஓய்வுபெற்றுவிட்டன. இப்போது ஓடுவது குளிரூட்டி வைத்த புதிய படகுகள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அக்கரையில் கொம்தார் கோபுரமும் வானுயர்ந்த அடுக்குமாடிகளும் ஒளி வெள்ளத்தில் மிதந்தன. அவற்றுக்கு முன்னால், தண்ணீரை ஒட்டி, குள்ளமாக, இருட்டாக ஒரு பட்டை தெரிந்தது. "அதுதான் நாம போற இடம்" என்றாள் தோழி.

இறங்கி நடந்ததும் முதலில் வருவது லெபோ பந்தாய். பந்தாய் என்றால் கடற்கரை. ஆனால் அங்கே நின்று பார்த்தால் கடலே தெரியாது. 1880களில் கடலைத் தூர்த்துப் பெங்காலான் வெல்ட் சாலையை அமைக்கும்வரை இந்தத் தெருவின் கொல்லைப்புறம் வரை அலை அடித்தது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 1875இல் சார்ட்டர்ட் வங்கி இங்கேதான் தன் கிளையைத் திறந்தது. இன்றும் பெரிய தூண்கள் வைத்த வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பகலில் வாகன நெரிசலில் அவற்றை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் எங்கள் காலடிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

தோழி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போனாள். நான் கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டே போனேன். அம்மா எதையும் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு முனையில் சட்டென்று நின்றார்.

"இங்கதான் தாத்தா கட்டில் போடுவாரு."

எந்தத் தாத்தா, என்ன கட்டில் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா அந்த முனையில் நின்றே சொன்னார். பினாங்கு, பிரிட்டிஷார் காலத்திலிருந்து சுங்கவரி இல்லாத துறைமுகம். 1969இல் அந்தத் தகுதி பறிபோனது. கப்பல் குறைந்தது, வேலை குறைந்தது. தாத்தாவுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கிடங்கில் ஜாகா வேலை. மாலையில் கிடங்கின் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் விடியும்போதுதான் எழுவார். பத்து வயதில் அம்மாவும் அவர் அண்ணனும் இரவு ஒன்பது மணிக்கு அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து இங்கே நடந்து வருவார்களாம்.

"ரெண்டு பிள்ளைங்களத் தனியா விட்டாங்களா?" என்று கேட்டேன். சற்று முன்புவரை எங்களைத் தனியாக விடமாட்டேன் என்றவர் ஆயிற்றே.

"தனியா எங்க வந்தோம்? தெரு முழுக்க ஆளு இருந்துச்சே. ஒவ்வொரு அஞ்சடியிலயும் யாராவது உக்காந்திருப்பாங்க. எந்த வீட்டுப் பிள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும்."

அஞ்சடி என்ற சொல்லை இளையவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கடைவீடுகளின் முன்னால், மாடியின் நிழலில், தெரு நெடுகிலும் தொடர்ந்து போகும் நடைபாதை அது. மலாயில் காக்கி லீமா. 1822இல் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது, தெருவோரக் கட்டடங்களுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ந்து இருக்க வேண்டும் என்று ராஃபிள்ஸ் கட்டளையிட்டார். அந்த வழக்கம் தீபகற்பத்து நகரங்களிலும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தான் அதைக் கட்டினார்கள். மக்களோ அதில் நாற்காலி போட்டார்கள், முடிவெட்டினார்கள், கட்டில் போட்டுத் தூங்கினார்கள்.

கடைவீடு என்பதன் பொருளே கீழே கடை, மேலே வீடு என்பதுதான். தோழி அப்போதுதான் ஒரு வேலை கொடுத்தாள். "இனிமே கீழ பாக்காதீங்க. மாடியப் பாருங்க. எத்தன மாடியில வெளக்கு எரியுதுன்னு எண்ணுவோம்." கட்டடம் உயிரோடு இருக்கிறதா என்று பகலில் சொல்ல முடியாதாம். பகலில் எல்லாக் கட்டடத்துக்கும் ஆள் வரும். இரவில்தான் யார் தங்குகிறார்கள் என்று தெரியும். சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். லெபோ பந்தாய்க்கு நேராக ஒரு சுழியம் போட்டாள்.

தெருவின் வடமுனையில் விக்டோரியா அரசியின் மணிக்கூண்டு. அரசியின் அறுபதாண்டு ஆட்சியை முன்னிட்டு 1897இல் செல்வந்தர் சியா சென் இயோக் அதற்குப் பணம் கொடுத்தார். ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். கட்டி முடித்தது 1902இல். அதற்குள் அரசி இறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் அருகில் குண்டு விழுந்ததால் கோபுரம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்பார்கள். பகலில் எனக்கு அது தெரிந்ததில்லை. இரவில் கீழிருந்து பாய்ச்சிய விளக்கொளியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. முயன்று பாருங்கள்.

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது நிபோங் பனைக் கட்டைகளை நட்டு வேலி போட்டார்கள். காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. காசைத் தேடிக்கொண்டே காட்டை அழித்தார்களாம். உண்மையோ இல்லையோ, நல்ல கதை. ஆனால் இப்போது நாம் பார்க்கும் செங்கல் சுவரை எழுப்பியவர்கள் காசு தேடி வந்தவர்கள் அல்லர். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொண்டுவரப்பட்ட கைதிகள். இந்தக் கோட்டை ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை. கோட்டையைச் சுற்றியிருந்த அகழியை மலேரியாவுக்குப் பயந்து 1920களில் மூடினார்கள். அண்மையில் மீண்டும் தோண்டியிருக்கிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் லைட்டின் சிலையைப் பற்றித் தோழி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 1936இல் நகரின் 150ஆம் ஆண்டுக்காகச் சிலை வார்க்க நினைத்தபோது அவருடைய முகத்தைக் காட்டும் படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே மகன் வில்லியம் லைட்டின் சாயலில் செய்துவிட்டார்கள். அந்த மகன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வடிவமைத்தவர். ஆக, அப்பாவின் பெயரில் மகன் நிற்கிறார்.

பாடாங் கோத்தா லாமாவில் காற்று நன்றாக வீசியது. குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் மினுக்கும் விளக்கு வைத்த பொம்மைகளை வானில் எறிந்து பிடித்தார்கள். வெள்ளை மாளிகைபோல நகர மண்டபம், 1903இல் கட்டியது, முழு வெளிச்சத்தில் நின்றது. மலாயா விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1957 ஜனவரி 1ஆம் நாள், ஜார்ஜ்டவுனுக்கு மாநகரத் தகுதி கிடைத்தது. மலாயாவின் முதல் மாநகரம் இதுதான். ஒளியூட்டிய அந்தக் கட்டடத்தின் முன் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் கச்சான் பூத்தே விற்பவர் யாராவது இருக்கிறாரா என்று தேடினார். இல்லை.

லெபோ லைட் வழியே மேற்கே நடந்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை அடைந்தோம். 1818இல் கட்டி முடித்தது. தென்கிழக்காசியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கென்றே கட்டிய மிகப் பழைய தேவாலயம். வெள்ளைத் தூண்கள், முன்னால் லைட்டின் நினைவாக ஒரு வட்ட மண்டபம், பெரிய மரங்கள். இதையும் கட்டியவர்கள் அந்தக் கைதிகள்தான். வாயிற்கதவு மூடியிருந்தது. கம்பிகளுக்கு இடையே பார்த்துக்கொண்டிருந்தபோது தெற்கிலிருந்து இஷா தொழுகைக்கான பாங்கொலி வந்தது. தேவாலயத்தின் அருகிலிருந்து தொடங்கும் தெரு நேராகப் பள்ளிவாசலுக்குத்தான் போகிறது. பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட், இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்.

இந்தத் தெருவை நல்லிணக்கத் தெரு என்று எல்லாச் சுற்றுலாப் புத்தகமும் எழுதும். படித்துப் படித்து அந்தச் சொல்லே எனக்குச் சலித்துவிட்டது. நடக்கும்போது சலிக்கவில்லை. தேவாலயத்தைத் தாண்டிச் சில நிமிடங்களில் 1800 வாக்கில் சீனர்கள் கட்டிய குவான் யின் கோயில். முன்முற்றத்தில் ஊதுவத்திக் கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அதையும் தாண்டினால் இடப்பக்கம் மகா மாரியம்மன் கோயிலின் பின்புறச் சுவர். கோயிலின் முகப்பு அடுத்த தெருவான லெபோ குயினில் இருக்கிறது. 1833இல் எழுந்த இதுதான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். பள்ளிவாசல் இன்னும் சற்று தூரம். ஒரே மூச்சில் மூன்று வாசனையும் மூன்று ஓசையும்.

நாங்கள் லெபோ குயினுக்குத் திரும்பினோம். கோயிலில் நடை சாத்தும் நேரம். வெளியில் நின்றே கும்பிட்டோம். லெபோ பாசாரில் பாட்டுக் கடைகள் ஒலியைக் குறைத்துக்கொண்டிருந்தன. பூக்கடையில் மிச்ச மல்லிகையை ஈரத்துணியில் சுற்றினார்கள். பலகாரக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை எடுக்க, மளிகை வாங்க அம்மாவோடு நான் வருவது இங்கேதான். நம் முன்னோர் இதைக் கடைத்தெரு என்றார்கள். லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் அங்கேதான் இருக்கிறது. இருட்டு விலகுமுன்பே எழுந்து ரதம் பார்க்க ஓடிய கதையை அம்மா முன்பே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடைத்தெருவைச் சுற்றியும் மாடிகளை எண்ணினோம். முப்பதுக்கும் மேற்பட்ட கடைவீடுகளில் மாடியில் விளக்கு எரிந்தது ஏழில். அந்த ஏழில் நான்கு தங்கும் விடுதிகள். எல்லா அறையிலும் ஒரே மாதிரி மஞ்சள் விளக்கு எரிந்தால் அது விடுதி என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டோம். வீட்டு விளக்கு வெள்ளையாக இருக்கும், சன்னலில் துணி தொங்கும், தொலைக்காட்சி வெளிச்சம் சுவரில் ஆடும்.

இந்த மாடிகள் எப்படிக் காலியாயின? தோழி பாடத்தில் படித்திருந்தாள், அம்மா வாழ்ந்து பார்த்திருந்தார். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் ஒரு சட்டம் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனால்தான் ஏழைகளும் சிறு கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக நகரின் நடுவில் குடியிருக்க முடிந்தது. வீட்டு உரிமையாளர்களுக்கோ அந்தச் சொற்ப வாடகையில் கூரையைப் பழுதுபார்க்கக்கூடக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. மாறிக்கொள்ளக் கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. புத்தாயிரத்தை உலகம் வாணவேடிக்கையோடு வரவேற்றுக்கொண்டிருந்த அந்த வாரங்களில் இங்கே குடும்பம் குடும்பமாகச் சாமான் ஏற்றினார்கள்.

எட்டரை ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7ஆம் நாள், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமைத் தலமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதன் பிறகு கட்டடங்கள் அழகாயின. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இடிந்து விழ இருந்த எத்தனையோ சுவர்கள் இன்று நிற்பது அந்த அறிவிப்பால்தான். ஆனால் பாதுகாக்க வேண்டியவர்களில் பலர் அதற்குள் கடல் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தைப்போல.

"உங்க வீடு எங்க ஆன்ட்டி?" என்று தோழி கேட்டாள்.

அம்மா பதில் சொல்லாமல் கொஞ்சம் நடந்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆண்டுதோறும் இந்தப் பகுதிக்கு வருகிறோம். லெபோ பினாங்கு, லெபோ பாசார், லெபோ குயின் எல்லாம் சுற்றுகிறோம். ஆனால் இடையில் இருக்கும் லெபோ கிங்கில் ஒரு முனைக்கு மேல் அம்மா என்னை அழைத்துப்போனதே இல்லை. "அங்க ஒண்ணும் கடை இல்ல" என்பார். நானும் நம்பினேன்.

அன்று திரும்பினார்.

குறுகலான தெரு. பாதி விளக்குகள்தான் எரிந்தன. ஒரு வீட்டின் முன் நின்றார். பிறகு "இது இல்ல" என்று அடுத்ததற்குப் போனார். மறுபடி திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் புதுச் சாயம் பூசி விடுதியாக மாற்றிவிட்டதால் அடையாளம் குழம்பியது. நடுவில் ஒன்று மட்டும் பழையதாகவே நின்றது. சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிந்தது. மாடியில் வெள்ளை விளக்கு. சன்னல் கம்பியில் இரண்டு கைலிகள் காய்ந்தன.

"இதுதான்" என்றார். "ஆனா இது எப்படி இன்னும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் அண்ணாந்து பார்ப்பதை மேலிருந்து ஓர் இளைஞர் பார்த்துவிட்டார். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் துண்டு.

"யாரத் தேடுறீங்க அக்கா?"

பேச்சிலேயே தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தது.

"யாரையும் இல்ல தம்பி. முன்ன நாங்க இந்த வீட்டுல இருந்தோம்."

அவர் சன்னலிலிருந்து மறைந்தார். படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அஞ்சடிக்கு வந்து நின்றார். புதுக்கோட்டைப் பக்கம் ஊராம். அருகில் ஓர் உணவகத்தில் வேலை. மேலே எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். "வந்து பாக்குறீங்களா அக்கா? ஆனா மூணு பேரு தூங்குறாங்க. விடியக்காலம் எழுந்து மாவு பிசையணும்."

"வேண்டாம் வேண்டாம். தூங்கட்டும்" என்றார் அம்மா. ஆனால் நகரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "பின்னால ரூம்ல, மழை பெஞ்சா இன்னும் ஒழுகுதா?"

அந்த இளைஞர் ஒரு விநாடி விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒழுகுதுக்கா. வாளி வெச்சிருக்கோம்."

அம்மாவும் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக அம்மா பயந்தது, தன் வீடு ஒரு விடுதியாகி, ஓர் இரவுக்கு இத்தனை ரிங்கிட் என்று பலகை தொங்குவதைப் பார்க்க நேருமே என்றுதான். நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான வாடகையில் ஆறு பேர் இருந்த வீடு. கெடு முடிந்ததும் பல மடங்கு கேட்டார்கள். தாத்தா பேரம் பேசக்கூடப் போகவில்லையாம். பட்டர்வொர்த்துக்கு வந்த இரண்டாவது ஆண்டில் இறந்துபோனார். அடுக்குமாடியில் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று அம்மா சொன்னார். கட்டிலைப் போட அங்கே அஞ்சடி இல்லை.

இளைஞரிடம் விடைபெற்றுத் தெற்கே நடந்தோம். லெபோ கிங் லெபோ சூலியாவைத் தொடும் முனையில் நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு தெலுக் ஆயர் தெருவில் இதே பெயரில் இருக்கும் கட்டடம் நினைவுக்கு வரும். கடல் கடந்து வந்தவர்கள் இறங்கிய இடத்திலெல்லாம் நாகூரை நினைத்தார்கள். லெபோ சூலியா தொடக்கத்தில் மலபார் தெரு. அன்று ஆங்கிலேயர் தமிழர்களை மலபார்கள் என்றுதான் எழுதினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியாக்கள் என்றார்கள். 1801 வாக்கில் அவர்களின் தலைவர் காதர் மொஹிதீன் தொடங்கியதுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்று யாராவது நம்மைக் கெலிங் என்றால் நமக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் இங்கே அது ஒரு தலைவரின் பட்டமாக, தெருப் பெயராக, பச்சைப் பலகையில் நிற்கிறது. சொல் அதே சொல்தான். யார் வாயிலிருந்து எப்போது வருகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. இரவு விளக்கில் பள்ளிவாசலின் குவிமாடங்கள் பகலைவிட நெருக்கமாகத் தெரிந்தன. தொழுகை முடிந்தவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

லெபோ ஆர்மேனியனில் 2012இல் எர்னஸ்ட் ஸாகரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் பகலில் வரிசையில் நிற்க வேண்டும். அந்நேரத்தில் ஒரு பூனைதான் நின்றது. படம் எடுத்துக்கொண்டோம். இதற்கு மேல் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மாடிகளும் பெரும்பாலும் இருட்டு.

நீங்களும் இப்படி நடக்க நினைத்தால் சில யோசனைகள். மூன்று பேராவது சேர்ந்து போங்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் கோயிலும் கடைத்தெருவும் மூடும் முன் பார்க்கலாம். நாங்கள் நடந்த தூரம் நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் அஞ்சடிகளின் தரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கும், ஆகவே சப்பாத்து போடுங்கள். சந்துகளில் நுழைய வேண்டாம், பெரிய தெருக்களே போதும். கடைசிப் படகின் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். முடிந்தால் அங்கே பிறந்து வளர்ந்த ஒருவரை அழைத்துப்போங்கள். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

பெங்காலான் வெல்ட் பக்கம் இறங்கியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அங்கே சீனர்களின் குலத் துறைகள் இருக்கின்றன. சியூ, லிம், தான், லீ, இயோ என்று ஒவ்வொரு குலத்தாரும் கடலில் கட்டைகளை நட்டு அதன் மேல் கட்டிக்கொண்ட வீடுகள். இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சியூ துறையின் முகப்பில் இரவில் பார்வையாளர்கள் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு இருந்தது. வெளியிலேயே நின்றோம். பலகைப் பாதையின் இரு பக்கமும் வீடுகளில் விளக்குகள். எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம். யாரோ இருமினார்கள். தோழி எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டாள். நோட்டை மூடி வைத்தாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்ட எப்படி எழுதுறது? ஒரு வெளக்குன்னா, எட்டுப் பேருன்னா?"

"எட்டுன்னு எழுதும்மா."

திரும்பும் படகில் கூட்டம் இல்லை. அம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். குடை மடியில். பாதி தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாளி பத்தாது. காத்து கடல் பக்கத்துலேருந்து அடிச்சா சுவரோரமும் ஒழுகும், ரெண்டு வெக்கணும். அந்தப் பையன்கிட்ட சொல்லாம வந்துட்டேன்."